விருதுப் படமும் நம் கொட்டாவியும்

நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஒரு லைக்கைப் போட்டுவிட்டுக் கடந்து போகலாம், கோபிக்க மாட்டோம்.

வெள்ளிக்கிழமை இரவு. இஷா முடிந்து, சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் இருவரும் உறங்கியாயிற்று. வாரம் முழுக்க நாற்பது பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்திய மனிசன் காலை நீட்டிப் படுக்கலாம் என்று தலையணையைத் தேடும் நேரம். அப்போதுதான் ஹோலில் இருந்து அந்தக் குரல் வரும்.

“இங்க வாங்களே, ஒரு நல்ல படம் கிடைச்சிருக்கு.”

‘நல்ல படம்’ என்றால் என்ன என்பது கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நமக்கு மனப்பாடம். பாட்டு இருக்காது. சண்டை இருக்காது. தொடக்கத்திலேயே இரண்டு பக்கமும் இலை வைத்த வட்டம் ஒன்று திரையில் வரும், அதற்குள் ஏதோ ஒரு விழாவின் பெயர் இருக்கும். பிறகு ஒருவர் கதவைத் திறந்து உள்ளே போவார். அவர் போன பிறகும் கதவைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். நாமும் கதவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தப் பதிவில் ‘நாம்’ என்று வருவதெல்லாம் ஒரு கட்சி. துணைவர் கூப்பிட்டதற்காகப் படத்துக்கு முன்னால் போய்க் குந்தியிருக்கும், இருபதாவது நிமிடத்தில் கொட்டாவி விடும் ஆட்களின் கட்சி. ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. நம் வீட்டில் அதற்கு ஒரே ஒரு அங்கத்தவர், அவர்தான் இதை எழுதுவது. ‘நாங்கள்’ என்று வந்தால் அது வீட்டில் இருப்பவர்கள், அல்லது ஊர். குழம்ப வேண்டாம்.

ஹலாலா ஹராமா என்று கொமெண்டில் தொடங்கிவிடவும் வேண்டாம். அது ஆலிம்களிடம் கேட்க வேண்டிய விடயம். நம் பிரச்சினை மார்க்கப் பிரச்சினை இல்லை. நித்திரைப் பிரச்சினை.

உண்மையைச் சொன்னால், நித்திரை மட்டும் என்றும் சொல்ல முடியாது. மனைவி பேராதனையில் படித்தவர். அங்கே யாரோ ஒரு விரிவுரையாளர் மாலை நேரங்களில் படம் போட்டுக் காட்டி, முடிந்ததும் உட்கார வைத்துக் கதைப்பாராம். நாம் கல்வியியற் கல்லூரி. அங்கே மாலை நேரத்தில் கரம் விளையாடினோம், பாடத்திட்டம் எழுதினோம், வார்டனுக்குப் பயந்து விளக்கை அணைத்தோம். டிப்ளோமாக்காரன் பட்டதாரியைக் கட்டினால் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் காட்ட மாட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், நம் மனைவியும் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனாலும் இலை வைத்த வட்டம் திரையில் வந்ததும் நமக்குள் ஒரு பரீட்சை மண்டபம் திறந்துகொள்ளும். வினாத்தாள் வரப்போகிறது, நாம் படிக்கவில்லை.

வினாத்தாள் ஒரே ஒரு கேள்விதான். படம் முடிந்து எழுத்து ஓடத் தொடங்கியதும் அவர் திரும்பிப் பார்த்துக் கேட்பார்: “எப்படி?”

இந்த ஒற்றைச் சொல்லுக்கு நாம் இதுவரை சொன்ன விடைகள்: “நல்லம்.” “பரவாயில்லை.” “நடிப்பு நல்லா இருந்தது.” ஒரு தரம் “கமெராவெல்லாம் நல்லா எடுத்திருக்காங்க” என்றும் சொல்லியிருக்கிறோம்.

ஆசிரியர் வேலை பார்ப்பவர்களுக்கு இது விளங்கும். பாடம் முடிந்து “விளங்கினதா?” என்று கேட்டால் முழு வகுப்பும் ஒரே குரலில் “ஓம் சேர்” என்று சொல்லும். கலாசாலையில் முதல் வருடமே சொல்லித் தந்தார்கள், அது ஒரு கேள்வியே இல்லை, அந்த விடையை நம்பி அடுத்த பாடத்துக்குப் போகாதே என்று. நாம் மனைவிக்குச் சொன்னதெல்லாம் அந்த “ஓம் சேர்”தான். அவருக்கும் அது தெரியும்.

இன்னொன்று. அவர் படத்தைப் பார்ப்பதை விட நம் முகத்தைப் பார்ப்பதுதான் அதிகம். முக்கியமான இடம் வரப்போகிறது என்றால் பக்கத்தில் ஒரு சின்ன அசைவு தெரியும், கழுத்து திரும்பும். உடனே நாம் முகத்தைச் சரிசெய்துகொள்வோம். கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்குவோம். திரையில் ஒருவர் நடிக்கிறார், கதிரையில் ஒருவர் நடிக்கிறார். விருது அவருக்கு மட்டும்தான்.

பேஸ்புக்கில் உலக சினிமா என்று பக்கம் பக்கமாக எழுதும் நானாமார் சிலர் நம் நட்பு வட்டத்தில் இருக்கிறார்கள். தவறாக எடுக்க வேண்டாம். நீங்கள் அந்தப் படங்களை மதினியோடு சேர்ந்தா பார்த்தீர்கள்? அவர் என்ன சொன்னார்? அதையும் ஒரு நாள் எழுதுங்கள். வாசிக்க ஆசையாக இருக்கிறது.

சரி, படங்களுக்கு வருவோம்.

முதலில் ‘சில்ட்ரன் ஒஃப் ஹெவன்’. மஜீத் மஜீதியின் ஈரானியப் படம், 1997. ஒஸ்கார் வரை போனது. “பள்ளிக்கூடப் படம், உங்களுக்குப் பிடிக்கும்” என்று சொல்லித்தான் உட்கார வைத்தார். கதை சின்னது. அண்ணன் அலி, தங்கையின் சப்பாத்தைத் தைக்கக் கொண்டுபோன இடத்தில் தொலைத்துவிடுகிறான். வாப்பாவிடம் சொன்னால் அவரிடம் காசு இல்லை. தங்கைக்குக் காலைப் பள்ளிக்கூடம், அண்ணனுக்குப் பின்னேரப் பள்ளிக்கூடம். ஒரே சப்பாத்தை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். அவள் வந்து கழற்றித் தந்த பிறகுதான் அவன் ஓடலாம், அதனால் அவன் எப்போதும் பிந்தித்தான் போகிறான். வாசலில் அதிபர் பிடித்து ஏசுகிறார்.

அந்த அதிபரைப் பார்த்து நம் மனம் அவர் பக்கம்தான் போனது. மன்னிக்க வேண்டும், வாரத்தில் ஒரு நாள் கேற்றில் நிற்கும் டியூட்டி நமக்கும் இருக்கிறது. ஏழரை மணி மணிச்சத்தத்துக்குப் பிறகு வரும் ஒவ்வொருவனும் ஒரு கதையோடுதான் வருவான். எல்லாக் கதையையும் கேட்டால் முதலாம் பாடம் முடிந்துவிடும்.

அந்தப் படத்தில் மனைவிக்குப் பிடித்த இடம் வேறு. அலியின் வாப்பா பள்ளிவாசல் தேநீருக்காகச் சீனிக்கட்டிகளை வீட்டில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருப்பார். மகள் அவருக்குத் தேநீர் கொண்டுவருவாள், சீனி கேட்பார். முன்னால் குவிந்து கிடக்கிறதே என்பாள் பிள்ளை. அது பள்ளிவாசலுடையது, எங்களுடையதில்லை என்பார். நம் பக்கத்துப் பள்ளிவாசல் கணக்குகளை நினைத்துக்கொண்டு நாம் ஏதோ பகிடி சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

படம் முடிகிற நேரம் நாம் முக்கால்வாசி நித்திரை. அவர் “எப்படி?” என்று கேட்கவில்லை அன்றைக்கு. “நானும் பின்னேரப் பள்ளிக்கூடம்தானே” என்று மட்டும் சொன்னார். நாம் “ம்” என்றோம். அந்த “ம்” பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

(படம் பார்த்த அடுத்த வாரமே கேற்றில் பிந்தி வந்த பையனைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, “ஏன் மகன் லேட்?” என்று கேட்டுப் பார்த்தோம். “நித்திரை சேர்” என்றான். அவனும் நம் கட்சி.)

இரண்டாவது, ‘எ செப்பரேஷன்’. அஸ்கர் ஃபர்ஹாதியின் படம், 2011. பெர்லினில் தங்கக் கரடி, அடுத்த வருடம் ஒஸ்கார். இதில் நாம் நித்திரை கொள்ளவில்லை, சண்டை பிடித்தோம். மனைவி சிமின் மகளின் எதிர்காலத்துக்காக நாட்டை விட்டுப் போக வேண்டும் என்கிறாள். கணவன் நாதெர் மறதி நோயில் கிடக்கும் வாப்பாவை விட்டு வர மாட்டேன் என்கிறான். படம் தொடங்குவதே நீதிபதிக்கு முன்னால் இருவரும் வாதாடும் இடத்தில். நீதிபதியின் முகத்தைக் காட்டவே மாட்டார்கள், அவர்கள் எங்களைப் பார்த்துத்தான் கதைக்கிறார்கள்.

நாம் சிமின் பக்கம். மனைவி நாதெர் பக்கம். வழக்கமாக எந்த வீட்டிலும் இது மறுவளமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம், ஆனால் எங்களுக்குள் ஒரு பழைய கணக்கு இருந்தது. 2022இல் பெற்றோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கம் சுற்றறிக்கை விட்டது ஞாபகமிருக்கும். நாம் படிவம் வரை எடுத்துவிட்டோம். கட்டாரில் ஒரு நண்பன் இடம் பார்த்திருந்தான். மனைவி, உம்மாவை விட்டுவிட்டு ஒரு இடத்துக்கும் வர ஏலாது என்றார். மாமிக்கு எங்களை விட்டால் ஆளில்லை. படிவம் அலுமாரியில் இன்னும் கிடக்கிறது.

அதனால் படம் பாதியில் நமக்குச் சூடு ஏறிவிட்டது. “என்ன, படத்தைக் காட்டி என்னை மடக்கப் பாக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டோம். பாடத்தில் கேட்க ஏலாததை ஒப்படையில் கேட்கும் வாத்தியார் வேலை என்று நினைத்தோம்.

அவர் படத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். “நான் இந்தப் படத்த இதுக்கு முதல் பார்த்ததே இல்ல. நானும் இப்பதான் பாக்கிறன்.”

பதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அன்று படத்தை முடிக்கவில்லை. அடுத்த வெள்ளி அவராகப் போட்டுப் பார்த்து முடித்தார், நாம் உள்ளே படுத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டோம். வயதானவரைப் பராமரிக்க வந்த பெண், அவர் உடுப்பை அசுத்தப்படுத்திவிட்டார், அந்நிய ஆண் அவர், மாற்றிவிடலாமா என்று போனில் மார்க்கத் தீர்ப்புக் கேட்கும் ஒரு இடம் வருகிறது. அது முதல் நாளே பார்த்தது. நம் வாப்பாவின் கடைசி மூன்று மாதமும் அவரைக் கழுவித் துடைத்தது யார் என்று நமக்குத் தெரியும். யாரிடமும் தீர்ப்புக் கேட்காமல் செய்தார். உள்ளே படுத்திருந்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்திருக்கலாம். போகவில்லை.

அதன் பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டில் விருதுப் படம் ஒன்றும் ஓடவில்லை. நிம்மதியாக இருந்தது என்றுதான் எழுத வேண்டும், கட்சியின் கொள்கைப்படி. இருக்கவில்லை.

மூன்றாவது படம் ஒக்டோபர் மாதத்தில் வந்தது. பிரசன்ன விதானகேயின் ‘இர மதியம’, 2003. சிங்களப் படம். யுத்த காலத்தில் நடக்கும் மூன்று கதைகள் அதில் இருக்கின்றன. விமானப் படையில் காணாமல் போன கணவனைத் தேடும் ஒரு பெண், லீவில் வந்த ஒரு படைவீரன், பிறகு ஒரு முஸ்லிம் சிறுவன். புலிகள் ஊரை விட்டு வெளியேறச் சொல்கிறார்கள். ஊர் முழுக்கக் கிளம்புகிறது. அவனுக்குத் தன் நாயை விட்டுவிட்டுப் போக மனமில்லை.

ஏன் ஒக்டோபர் என்று வடபுலத்து உறவுகளுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: 1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் முழுப்பேரும், 75,000 பேரளவில், சில நாட்களுக்குள், சில இடங்களில் சில மணித்தியாலங்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். மாமியும் அப்படி வந்தவர்தான். அப்போது மனைவி மாமியின் வயிற்றில் ஐந்து மாதம்.

மாமி எழுபதை நெருங்குகிறார். டீவி பார்க்க மாட்டார். படம் ஓடினால் தஸ்பீஹை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவார். அன்றைக்குத் தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனவர், திரும்பி வரும்போது கதவு நிலையில் நின்றுவிட்டார். சனம் மூட்டை கட்டும் காட்சி. நாங்கள் அவர் நிற்பதைக் கவனிக்கவில்லை.

நாம் அந்த நேரம் பார்த்துத்தான் வாயைத் திறந்தோம். “முஸ்லிம் வீட்டுப் பொடியன் நாய் வளர்ப்பானா? சும்மா படத்துக்காக எடுத்திருக்காங்க.” அறிவாளி மாதிரி ஒரு பிழை கண்டுபிடித்தால் பரீட்சையில் அரைப் புள்ளியாவது வரும் என்ற எண்ணம்.

பின்னால் இருந்து மாமி சொன்னார். “ஏன் மகன், கரையில எல்லார் வளவுலயும் நாய் நிண்டதுதானே. மீன் காயப்போட்டா காகம் வராம ஆரு பாக்கிற?”

மனைவி படத்தை நிறுத்தப் போனார். மாமி, “ஓடட்டும்” என்றார். நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். கதிரை போட்டுக் கொடுத்தோம், உட்காரவில்லை. பிறகு, யாரும் ஒன்றும் கேட்காமலே சொன்னார்.

“நான் கோழி அடை வச்சிருந்தன். பன்னெண்டு முட்ட. அண்டைக்குப் பதினேழாம் நாள். இன்னும் நாலு நாள்ல பொரிச்சிருக்கும்.”

நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

“வெளிக்கிடச் சொல்லிட்டாங்க. எல்லாரும் நகை எங்க, உறுதி எங்க எண்டு ஓடுறாங்க. நான் போய் அந்தக் கூடையத்தான் பார்த்த. கோழி எழும்பல்ல. கிட்டப் போனா கொத்துது. ஒரு சிரட்டையில தண்ணியும் கொஞ்சம் அரிசியும் வச்சிட்டு வந்தன். நாலு நாளைக்குக் காணுமெண்டு.”

தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

மனைவி முப்பது வயதைக் கடந்தவர். உம்மாவின் வாயால் வள்ளத்துக் கதை கேட்டிருக்கிறார், மழையில் கடற்கரையில் காத்திருந்த கதை கேட்டிருக்கிறார், முகாமில் ஓலைக் கொட்டில் கதை கேட்டிருக்கிறார். கோழிக் கதை கேட்டதில்லை. அன்றிரவு படம் முடிந்ததும் அவர் “எப்படி?” என்று கேட்கவில்லை, கேட்கும் நிலையிலும் இல்லை. நமக்கும் நித்திரை வரவில்லை.

நமக்கு நித்திரை வராததற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தோம்.

நாம் புத்தளத்துக்காரர். எங்கள் பள்ளிக்கூடத்தில் காலையில் நாங்கள் படித்தோம். பின்னேரம் அதே கட்டடத்தில், அதே மேசையில், இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளின் பள்ளிக்கூடம். நாங்கள் பன்னிரண்டு வயதுப் பொடியன்கள். எங்கள் மேசை லாச்சியில் வைத்த பென்சில் அடுத்த நாள் காணாமல் போனால், “அகதி எடுத்திட்டான்.” கதிரைக் கால் உடைந்தால், “அகதி உடைச்சிட்டான்.” கரும்பலகையைத் துடைக்காமல் போனாலும் அகதிதான். அந்தச் சொல்லை நாங்கள் வீட்டில் கற்றோம், கடையில் கற்றோம், சில ஆசிரியர்களிடமும் கற்றோம். ஊரவர்கள் சோறு கொடுத்தார்கள், காணி கொடுத்தார்கள், பள்ளிவாசல் கதவைத் திறந்தார்கள், அதுவும் உண்மை. அந்தச் சொல்லைச் சொன்னார்கள், அதுவும் உண்மை. நாமும் சொன்னோம். யாரையோ பார்த்துத் துரத்தித் துரத்திச் சொன்னது இன்னும் ஞாபகமிருக்கிறது. அந்த யாரோ யார் என்று ஞாபகமில்லை.

“நானும் பின்னேரப் பள்ளிக்கூடம்தானே” என்று மனைவி சொன்னபோது நாம் விட்ட “ம்” இதன் மேல்தான் விழுந்தது. அந்த ஈரானியப் படத்தைப் பள்ளிக்கூடப் படம் என்று சொல்லி நம்மை உட்கார வைத்ததே இதைக் கதைக்கத்தானா? கேட்டோம். “இல்ல, எனக்கு அந்தப் படம் பிடிக்கும், அவ்வளவுதான்” என்றார். கொஞ்சம் கழித்து, “பார்த்துக்கொண்டிருக்கும்போது ஞாபகம் வந்தது. சொன்னேன். நீங்க நித்திரை” என்றார்.

நம் அபிப்பிராயம் இதுதான். கணவன் மனைவி என்றால் ஒரே ரசனை வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை நாம் நம்பவில்லை. ஒன்பது வருடமாகிவிட்டது, இன்னும் நமக்கு அந்தக் கதவுக் காட்சிகள் பிடிக்கவில்லை, இனியும் பிடிக்கும் என்று தோன்றவில்லை. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. உலகம் முழுக்கக் கைதட்டிய படம் ஒருவனுக்கு அலுப்பாக இருந்தால் அவன் மூளையில் குறை என்று அர்த்தமில்லை. அவன் களைத்திருக்கலாம். அந்தப் படம் உண்மையிலேயே நீளமாகவும் இருக்கலாம்.

ஆனால் பொய்யாக “நல்லம்” என்று சொல்லியிருக்கக் கூடாது. வகுப்பில் “ஓம் சேர்” என்று கத்துகிற பிள்ளையை விட, “விளங்கல்ல சேர்” என்று எழும்பி நிற்கிற பிள்ளையோடுதான் நாம் அதிக நேரம் கதைக்கிறோம். நாம் முதல் படத்திலேயே “எனக்கு அலுப்பா இருக்கு, உங்களுக்கு இதில என்ன பிடிச்சிருக்கு?” என்று கேட்டிருந்தால், எத்தனையோ வெள்ளிக்கிழமைகளுக்கு முன்னமே அந்தப் பின்னேரப் பள்ளிக்கூடத்துக் கதை வந்திருக்கும். கோழிக் கதையும் வந்திருக்குமா தெரியாது. அது யாரும் கேட்டு வந்ததில்லை.

நம் கட்சிக்காரர்களுக்கு இன்னொன்று. நித்திரை வந்தால் கொள்ளுங்கள். தயவுசெய்து போனை எடுக்காதீர்கள். நித்திரை கொள்ளும் மனிசன் பக்கத்தில் இருக்கிறான், போன் நோண்டும் மனிசன் இல்லை. இரண்டையும் செய்து பார்த்தவர்கள் சொல்கிறோம். நித்திரை கொண்ட நாட்களில் ஒரு பெட்சீற்றைப் போர்த்திவிட்டுத்தான் அவர் மிச்சப் படத்தைப் பார்த்தார். போன் நோண்டிய நாட்களில் படம் பாதியில் நின்றது.

படம் விரும்பும் கட்சிக்காரர்களுக்கும் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறோம். நம் முகத்தைப் பார்க்காதீர்கள். முகத்தில் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு இருக்கிறது. படம் முடிந்த இரவு “எப்படி?” என்று கேட்கக் கூடாது. அடுத்த நாள் பின்னேரம், பிளேன்டியோடு, ஏதாவது ஞாபகமிருந்தால் மட்டும் கதைக்கலாம். ஒன்றும் ஞாபகமில்லை என்றால் அதுவும் விடைதான். போன கிழமை நமக்கு ஒரு படத்தில் ஞாபகமிருந்தது ஒரு மேசை மட்டும். அந்த மேசையைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தோம்.

‘எ செப்பரேஷன்’ படத்தின் மிச்சத்தையும் பார்த்தாயிற்று, இருவரும் சேர்ந்து. கடைசியில் மகளிடம் நீதிபதி கேட்கிறார், உம்மாவோடா வாப்பாவோடா என்று. அவள் என்ன சொன்னாள் என்று எங்களுக்குச் சொல்லாமலே படம் முடிகிறது. தாயும் தகப்பனும் வெளியே விறாந்தையில் இரண்டு பக்கம் காத்திருக்கிறார்கள். நாம் “இதென்ன முடிவு, காசு திருப்பித் தரச் சொல்லுங்க” என்றோம். பென் டிரைவில் வந்த படத்துக்கு என்ன காசு என்று சிரித்தார். பகிடி பலித்துவிட்டது. ஆனால் நாம் இன்னும் சிமின் பக்கம்தான். படிவமும் இன்னும் அலுமாரியில்தான். அதைப் பற்றி ஒரு நாள் கதைக்க வேண்டும், படம் போடாமல்.

இந்தப் பதிவை மனைவியிடம் காட்டிவிட்டுத்தான் போடுகிறோம். மாமியிடமும் கேட்டோம், கோழிக் கதையை எழுதட்டுமா என்று. “அதுல எழுத என்ன இருக்கு மகன்?” என்றார். பிறகு, சிவப்புக் கோழி என்று எழுதச் சொன்னார்.

இந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு துருக்கிப் படம் வந்திருக்கிறதாம். 2014இல் கேன்ஸில் தங்கப் பனை வாங்கியது. கணவனும் மனைவியும் ஒரு ஹோட்டலுக்குள் இருந்து கதைத்துக்கொண்டே இருப்பார்களாம், வெளியே பனி கொட்டுமாம். மூன்று மணித்தியாலத்துக்கும் மேல். பெயர் என்ன என்று கேட்டோம்.

‘விண்டர் ஸ்லீப்’. குளிர்காலத்து நித்திரையாம்.

பெயரிலேயே நம் கட்சியைச் சேர்த்துவிட்டார்கள். சம்மதம் சொல்லியாயிற்று. தலையணையை இந்த முறை ஹோலுக்கே கொண்டுபோகிறோம்.